உள்முடி இல்லாதவள்

அத்தியாயம் 11

உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் நிற்கிறவர்களுக்கு மேலிருந்து எல்லாம் தெரியும்.

தலையில் கம்பளித் தொப்பி இருந்தது. ஜனவரிக் குளிர், அதனால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் இறங்குகிற அவசரத்தில் யாருடைய பையாவது பட்டுத் தொப்பி கழன்றுவிட்டால்? உன்ஜூ ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நேர் முன்னால் ஒரு இருக்கை இரண்டு ஸ்டேஷன்களாகக் காலியாக இருந்தது.

"உட்காரேன்மா. முட்டி வலிக்குதுன்னு நேத்து பூரா சொல்லிட்டிருந்த."

"இன்னும் நாலு ஸ்டேஷன்தானே."

"பதினொண்ணு."

தாமி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இந்த மூன்று வாரமாக மகள் எதையும் வற்புறுத்துவதில்லை. பாத்திரம் கழுவுகிறாள், காலையில் மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாள், குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். கல்யாணம் நெருங்குகிற பெண்ணின் பாசம் என்று உன்ஜூவின் கணவர் சொன்னார். உன்ஜூவுக்கு அது பரிதாபம் போலப் பட்டது. பரிதாபத்தின் காரணமும் அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் மாப்பிள்ளை சங்யுன் வீட்டாரும் இவர்களும் முதல் தடவையாக ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். நடுவில் குழம்புச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. உன்ஜூ அன்று காலை முடி கொட்டிப்போன வகிட்டின் மேல் கறுப்புப் பொடியைத் தூவி, தட்டி, மறுபடி தூவி, கண்ணாடியில் எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். அறைக்குள் நுழைந்து வணங்கும்போதுகூடக் கழுத்தை மட்டும் லேசாக வளைத்தாள். சம்பந்தி அம்மா இடுப்பு வரை குனிந்தாள். மரியாதை தெரியாதவள் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும் என்று இருந்தாள் உன்ஜூ.

சட்டியின் ஆவி அதையும் கெடுத்தது. எல்லாருக்கும் பரிமாறக் குனிந்தபோது நெற்றியில் ஏதோ ஊர்ந்தது. துடைத்தாள். புறங்கையில் கறுப்பாகக் கோடு.

சம்பந்தி அம்மா ஈரத்துண்டை எடுத்து நீட்டினாள். யாராவது சிரித்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

நான்கு நாள் கழித்து தாமி வந்து சொன்னாள்: "அத்தை ஒரு கிளினிக்ல நேரம் வாங்கியிருக்காங்க. உச்சில முடி நடறதுல பேர் எடுத்த டாக்டராம். அவங்களுக்குத் தெரிஞ்ச இடம். வேணாம்னு சொல்லிடாதம்மா. நல்லா இருக்காது."

வேண்டாம் என்று சொல்ல உன்ஜூவுக்கு நாக்கு வரவில்லை. நல்லா இருக்காது என்பது மட்டும் காரணமில்லை. அவளுக்கு ஆசையாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் முடிக்கு ஆசைப்படுவது முடி இல்லாததைவிடக் கேவலமாகத் தோன்றியது. அதனால், "சம்பந்தி மனசு கோணக் கூடாதே" என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபரில் கல்யாணம். மணமேடைக்கு முதலில் நடந்துபோகிறவர்கள் இரண்டு அம்மாக்கள்தான். பெண்ணின் அம்மா சிவப்பு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், மாப்பிள்ளையின் அம்மா நீலம். பிறகு ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கி, சபையைப் பார்த்துத் திரும்பி, இன்னொரு தடவை ஆழமாகக் குனிய வேண்டும். பாரம்பரிய ஹான்போக் உடைக்கு முடியை நடு வகிடு எடுத்து, எண்ணெய் தொட்டுப் படிய வாரி, பின்னால் முடிந்துவிடுவார்கள். இருநூறு பேர். மேலே சரவிளக்கு.

அந்த விளக்கைத்தான் உன்ஜூ கனவில் காண்கிறாள்.

*

இன்று காலை அவள் பொடி போடவில்லை. தலைக்கு எதுவும் தடவாமல் வரச் சொல்லியிருந்தார்கள். குளியலறைக் கதவைத் திறந்து வெளியே வந்தவளைக் கணவர் கியூதே டிரைவர் சீருடையில் நின்று பார்த்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். தலையில் ஓரமாகக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

ஊரில் ஒரு பழைய கேலி உண்டு. ஓரம் கொட்டியவனைச் சுற்றுமுடி இல்லாதவன் என்பார்கள். ஊர்ப் பேச்சில் சுற்றுமுடிக்கும் சாமர்த்தியத்துக்கும் ஒரே சொல், அதனால் காதில் அது சாமர்த்தியம் இல்லாதவன் என்றே விழும். உச்சி கொட்டியவரை உள்முடி இல்லாதவர் என்பார்கள். அதற்கு உள்ளே ஒன்றும் இல்லாதவர், ரோஷமோ நெஞ்சுரமோ கிடையாது என்று அர்த்தம்.

"எனக்குச் சுத்துமுடி இல்ல, உனக்கு உள்முடி இல்ல" என்றார் கியூதே, ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டே. "ரெண்டும் சேர்ந்து ஒரு பொண்ண வளர்த்துக் கட்டிக்குடுக்குது. அதுவே பெருசு."

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க."

"எனக்கு முப்பத்தஞ்சு வயசுல போச்சு. நான் என்ன ஓடியா ஒளிஞ்சேன்? பஸ்ல ஏறுறவன் என் தலையையா பாக்கறான்? டிக்கெட் கார்ட மெஷின்ல தொட்டுட்டுப் போயிட்டே இருக்கான்."

"நீங்க ஆம்பள."

தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். வாசலில் நின்று, "வலிக்குமான்னு கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

கிளினிக் ஒன்பதாவது மாடியில் இருந்தது. சம்பந்தி அம்மா முன்பே வந்து காத்திருந்தாள். முப்பது வருடமாக மருந்துக்கடை நடத்துகிறவள், எழுபதுக்கு இரண்டு குறைவு. சாம்பல் நிறக் கோட்டு, நரைத்திருந்தாலும் அடர்ந்த முடி. உன்ஜூவைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க சம்பந்தி. ஒரு வார்த்தை சொல்லலையே."

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

"இப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்." ஒரு பையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். சூடு ஆறாத பாத்திரம் ஒன்று துணியில் சுற்றியிருந்தது. "சிப்பிக் கஞ்சி. நானே வெச்சது. தெம்பு வரும்."

சிப்பிக் கஞ்சி என்றால் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குக் கொண்டுபோவது. முடி கொட்டினதற்கா கஞ்சி? உன்ஜூவின் காது மடல்கள் சூடாயின. மூன்று வாரமாக இந்த அம்மாள் தன் வீட்டில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறாள், பரிதாபப்பட்டிருக்கிறாள், உட்கார்ந்து கஞ்சி காய்ச்சியிருக்கிறாள்.

தாமி குறுக்கே வந்தாள். "அத்தை, உள்ள கூப்பிடறாங்க. நாங்க போயிட்டு வந்துடறோம்."

மகளின் குரல் சற்று வேகமாக இருந்ததை உன்ஜூ கவனித்தாள். அதைப் பற்றி யோசிக்கவில்லை. தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பதுதான் மனம் முழுக்க இருந்தது.

உள்ளே கழற்றினாள். நர்ஸ் தலையைக் குனியச் சொன்னாள். ஒரு சின்னக் கேமரா உச்சியில் குளிர்ச்சியாக ஒட்டியது.

எதிரே சுவர் அகலத் திரை. அதில் தோன்றியது ஒரு தலையின் உச்சி என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பத்தொன்பது வருடமாக ஒரு பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை. அங்கே பெரிய அண்டாக்களைத் தேய்க்கிற பிரஷ்கள் உண்டு. தேய்த்துத் தேய்த்து நடுவில் மட்டும் இழைகள் போய், அடிப்பலகை தெரியும். அப்படி இருந்தது. அங்கே வெள்ளைத் தொப்பியோடு வேலை செய்து, தொப்பியோடே சாப்பிட்டு, தொப்பியோடே வீட்டுக்குக் கிளம்புகிறவள் அவள். கூட வேலை செய்கிறவர்களில் ஒருத்திகூட இதைப் பார்த்ததில்லை.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டர். தாமியைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். "பின்னந்தலையப் பாருங்க. எவ்வளவு அடர்த்தி. அங்கேருந்து ரெண்டாயிரம் எடுத்து உச்சில நட்டுடலாம். பின்னந்தலை முடி கொட்டாத ஜாதி. எங்க கொண்டுபோய் நட்டாலும் பொறந்த இடத்துக் குணம் அதுக்குப் போகாது."

"நட்டதும் வந்துடுமா?"

"முதல் மாசத்துல நட்டது கொட்டிடும். அப்ப மனசு விட்டுடக் கூடாது, வேர் உள்ளேதான் இருக்கும். நாலாவது மாசத்துலேருந்து முளைக்கும். அக்டோபர்ல விசேஷம்னா பிப்ரவரிக்குள்ள பண்ணிக்கணும்."

"வலிக்குமா?"

"மரத்துப்போற ஊசி போடறப்ப மட்டும்."

அவர் ஏதோ அழுத்தினார். திரையில் அவள் தலையே வேறு தலையாக மாறியது. வகிடு ஒரு நூல்போல நேராக ஓடியது. உன்ஜூ மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள். சிவப்பு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, சபைக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து, அவசரப்படாமல் நிமிர்கிற ஒருத்தி. அவளாக ஒரே ஒரு நாள் இருந்தால் போதும்.

"பண்ணிக்கறேன்" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் ஒரு காகிதத்தைப் புரட்டினார்.

"ஒண்ணு மட்டும் பாக்கி. நேரம் வாங்கினப்ப கேன்சர் சிகிச்சை எடுத்தவங்கன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஆஸ்பத்திரிலேருந்து ஒரு கடிதம் வேணும். எந்த மருந்து, எத்தனை தடவை ஏத்தினாங்கன்னு."

"யாருக்கு?" என்றாள் உன்ஜூ.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "உங்களுக்குத்தான்மா."

"டாக்டர், அத நான் அப்புறம் சொல்றேன்" என்றாள் தாமி. மேஜைக்கு அடியில் அவள் கை வந்து உன்ஜூவின் கையை அழுத்தியது.

*

பெண்கள் கழிவறையில் தாமி முதலில் குழாயைத் திறந்துவிட்டாள், வெளியே கேட்கக் கூடாதென்று.

"யாருக்குடி கேன்சர்?"

"மெதுவாம்மா."

"மெதுவாத்தான் கேக்கறேன்."

தாமி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் டாக்சில ஏத்திவிட்டப்புறம் அத்தை என்னத் தனியாக் கூப்பிட்டாங்க. கோபமால்லாம் இல்ல. உங்கம்மா வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தானான்னு கேட்டாங்க. இது அம்மா வழியா எறங்கறதாச்சே, நாளைக்கு உனக்குப் பொறக்கறதுக்கும் வருமேன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. மருந்துக்கடைக்காரங்கம்மா அவங்க. அவங்க ஒண்ணு சொன்னா அந்த வீட்டுல அதுக்கு மேல பேச்சு கிடையாது."

"அதனால எனக்குக் கேன்சர் வரவெச்சிட்ட."

"வாய்ல வந்துடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்புல கட்டி, மருந்து ஏத்தினதுல முடி போச்சு, அப்புறம் சரியா வளரலன்னு. இப்ப நல்லாயிட்டாங்கன்னுதான் சொன்னேன்."

"நல்லவேளை. பொழைக்க வெச்சியே."

உன்ஜூவுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. அம்மா செத்துப் பிழைத்தாள் என்று சொல்ல என் பெண்ணுக்குக் கூசவில்லை. அம்மாவுக்கு உச்சியில் முடி இல்லை என்று சொல்லத்தான் கூசியிருக்கிறது. இவள் இதை எங்கே கற்றாள்?

பதில் தெரிந்தேதான் கேட்டுக்கொண்டாள். தாமிக்கு ஏழு வயதிருக்கும். மடியில் ஏறி விளையாடியவள் உச்சியில் விரலை வைத்து, "இங்க ஏம்மா வெள்ளையா இருக்கு?" என்றாள். உன்ஜூ அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். அங்க தொடாத. அதற்குப் பிறகு தாமி தொட்டதே இல்லை. கேட்டதும் இல்லை.

தாமி அழுதுவிட்டாள். அதை மறைக்கக் குனிந்து முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டாள். நெற்றி முடியெல்லாம் நனைந்தது.

வெள்ளைத் தொட்டியில் ஒரு கறுப்புக் கோடு ஓடி, வட்டமடித்து, துளைக்குள் இறங்கியது.

மைதான் கரைகிறது என்று முதலில் நினைத்தாள் உன்ஜூ. ஆனால் அது கண்ணிலிருந்து வரவில்லை. காதோரமாக, மேலேயிருந்து இறங்கியது. அவள் மகளின் தலையை மேலிருந்து பார்த்தாள். போன வருடம் நடு வகிட்டை விட்டுவிட்டுப் பக்க வகிடு எடுக்க ஆரம்பித்தாள் தாமி. புது மோஸ்தர் என்றாள். முடியை அலை அலையாகச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். நனைந்து அலை கலைந்த இடத்தில் இப்போது பழைய நடு வகிடு தெரிந்தது. ஒரு விரல் அகலத்துக்கு, வெள்ளையாக.

இருபத்தொன்பது வயது.

உன்ஜூ குழாயை மூடினாள். "எப்பலேருந்து?"

தாமி நிமிரவில்லை. "போன வருஷம்."

"சங்யுனுக்குத் தெரியுமா?"

தலை மறுப்பாக அசைந்தது.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ என்கிட்ட எப்பவாவது சொன்னியா?"

காகிதத் துண்டை உருவி மகளிடம் கொடுத்தாள் உன்ஜூ. தாமி முகத்தைத் துடைத்து, முடியை அவசரமாகப் பக்கவாட்டில் தள்ளி, பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உன்ஜூ வாங்குகிற அதே கம்பெனிப் பொடி. தட்டினாள், கண்ணாடியில் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். தன் கையே அங்கே அசைவதுபோல் இருந்தது உன்ஜூவுக்கு.

"அம்மா." தாமி திரும்பினாள். "வெளிய அத்தை கேப்பாங்க. நீ பொய் சொல்ல வேணாம். வாயே திறக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டு. அவ்வளவுதான். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். பிப்ரவரில நட்டுட்டா அக்டோபர்ல வளர்ந்துடும், உடம்பு தேறி முடி வந்துடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுப்பாங்க. எல்லாம் சரியாயிடும்."

"உனக்கு?"

"எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்பது எவ்வளவு காலம் என்று உன்ஜூவுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம். சங்யுன் எழுவதற்கு முன்னால் தாமி எழுந்து குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வாள். கடலுக்குக் கூப்பிட்டால் காய்ச்சல் என்பாள். குழந்தை மடியில் ஏறினால் கையைத் தட்டிவிடுவாள். முட்டி வலிக்கும் வயதில் ரயிலில் காலி இருக்கைக்கு முன்னால் நிற்பாள்.

திரையில் பார்த்த அந்த நேர் வகிடு கண்ணுக்குள் ஒரு தடவை வந்து போனது. அது இன்னும் வேண்டும்போலத்தான் இருந்தது. அதுதான் அவளை மிகவும் வெட்கப்படுத்தியது. ஆனால் அதை நட்டுக்கொள்வதானால் இந்தப் பொய்க்குள் நட்டுக்கொள்ளக் கூடாது.

தொப்பியை எடுத்தாள். போட்டுக்கொள்ளவில்லை. கைப்பைக்குள் திணித்தாள்.

"அம்மா, தொப்பி."

"வா போகலாம்."

*

சம்பந்தி அம்மா கிளினிக்கின் ஆலோசகப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். மேஜையில் தேதி குறிக்கிற அட்டை விரிந்திருந்தது, அதன் மேல் ஒரு பேனா.

"வாங்க சம்பந்தி. பிப்ரவரி பதினாலு காலியா இருக்காம். கையெழுத்துப் போட்டுட்டா நமக்குன்னு வெச்சுடுவாங்க." உன்ஜூவின் திறந்த தலையைப் பார்த்ததும் சற்று நின்றாள். பார்வை உச்சியில் போய்த் தங்கியது. மருந்துச் சீட்டைப் படிக்கிறவளின் பார்வை. அதில் என்ன படித்தாள் என்று முகம் காட்டவில்லை. "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. மருந்து ஏத்தி ரெண்டு வருஷம் ஆச்சில்ல. இப்ப உடம்பு முழுசா சரியாயிடுச்சுதானே?"

தாமி அவள் பக்கத்தில் நின்றாள்.

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். இத்தனை வருடம் இந்தத் தலையைக் குனியாமல், திருப்பாமல், அசைக்காமல் காப்பாற்றியாயிற்று. ஒரே ஒரு அசைவு.

உன்ஜூவின் தலை அசையவில்லை.

"எனக்கு அப்படி ஒரு நோய் வந்ததே இல்லைங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக இருந்தது. "எங்கம்மாவுக்கும் உச்சி இப்படித்தான் இருந்தது. எனக்கும் இப்படித்தான்."

மகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது தாமி சொல்ல வேண்டியது. பக்கத்தில் கைப்பையின் வார் இறுகுகிற ஓசை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

துணியில் சுற்றிய பாத்திரத்தை இரண்டு கைகளாலும் எடுத்து, சம்பந்தி அம்மாவின் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தாள். இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

"இது உடம்பு சரியில்லாதவங்களுக்குக் காய்ச்சினது. நான் வாங்கிக்கக் கூடாது."

ஆலோசகப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவை எடுத்து நீட்டினாள். "அப்ப தேதி?"

"இன்னிக்கு வேண்டாம்மா."

பிறகு உன்ஜூ கைகளை வயிற்றின் மேல் சேர்த்துக்கொண்டு குனிந்தாள். குடும்பச் சந்திப்பன்று குனியாமல் விட்டதையும் சேர்த்து, இடுப்பு வரை. வரவேற்பறை விளக்குகள் எல்லாம் உச்சியில் சூடாக விழுவதுபோல் இருந்தது.

சம்பந்தி அம்மாவின் செருப்பு நுனிகள் மட்டும் தெரிந்தன. அவை முன்னே வரவும் இல்லை, பின்னே போகவும் இல்லை. உன்ஜூ நிமிர அவசரப்படவில்லை.